ஆறு நாற்காலியும் ஒரு மேசையும்

பிப்ரவரி 10, 2025. திங்கள்

இன்று காலை ஒன்பது மணிக்கு நாற்காலிக்குள் விழுந்தேன். நாற்காலியிலிருந்து விழுந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே விழுந்தவன் இந்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேப்பரில் இரண்டாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது அடியில் இருந்த நாடா அறுந்து, இடுப்பு கீழே போய், முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது. கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் என்று அப்படியே இருந்து மூன்றாம் பக்கமும் படித்தேன். கடைசியில் வைஜெயந்திதான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாங்க இது, கூடையில வச்ச கொழந்த மாதிரி?” என்றாள்.

அதோடு விட்டாளா? சிரித்து முடித்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, “அக்கா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க” என்றாள். அக்கா என்றால் கஸ்தூரி அண்ணி. என் அண்ணன் கண்ணையனின் மனைவி. நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் அவர்கள் வீடு. பெண்கள் இருவரும் தினம் சுவரோரம் பேசிக்கொள்வார்கள். அண்ணனும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

போன மாதம் கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டையே மாற்றியிருக்கிறார்கள். இனி தரையில் உட்காரவே கூடாதாம். பிளாஸ்டிக் சேர் அமுங்குகிறது, வழுக்குகிறது. உயரமான கெட்டியான நாற்காலி வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா வாங்கிய இந்தத் தேக்கு நாற்காலி ஆறும் எங்கள் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

“அவர் கேட்டாரா?”

“மாமா எங்க கேப்பாரு? அக்காதான் கேட்டாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது எனக்கு?

பிப்ரவரி 11. செவ்வாய்

கொடுப்பது என்று முடிவு. ஆனால் கிழிந்த நாற்காலியைக் கொடுத்தேன் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. சீட்டைப் புதுசாகக் கட்டிக் கொடுக்கப்போகிறேன். நானே.

“நீங்களா?” என்றாள் வைஜெயந்தி. அந்த ஒரு சொல்லில் எத்தனை சந்தேகம்.

சேதராப்பட்டில் சுவிட்ச் பெட்டி செய்யும் கம்பெனியில் இருபத்தேழு வருடம் தரம் பார்க்கிற வேலை பார்த்தவன் நான். அடுத்தவன் செய்த பெட்டியை எடுத்து, திருப்பி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவது என் வேலை. டிசம்பரில் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் ஒரு பெட்டிகூட நான் செய்ததில்லை என்பது இன்று அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

வில்லியனூரில் திலீப்பின் சீட் கடைக்குப் போனேன். பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் சீட் தைக்கிறவன். “எடுத்தாந்து போடுங்க சார், சாயங்காலம் வந்து வாங்கிகினு போங்க” என்றான். வேண்டாம், சாமான் மட்டும் கொடு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரெக்சின், ஸ்பாஞ்ச், நாடா, பசை, பின் அடிக்கிற கன் எல்லாம் கட்டிக் கொடுத்தான். “கைய மட்டும் பாத்துக்குங்க” என்றான்.

பிப்ரவரி 13. வியாழன்

ஒரு நாற்காலிதானே வேண்டும்? நான் ஆறையும் பிரித்துப் போட்டேன். ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று எனக்குள் ஒரு அதிகாரி சொன்னான்.

அப்பா இதைப் புதுச்சேரி டவுனில் ஒரு சொல்தா வீட்டில் வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். மேசை ஒன்று, நாற்காலி ஆறு. சீட் தனியாகக் கழன்று வரும். அடியில் நாலு திருகாணி, அவ்வளவுதான். மேலே பச்சை ரெக்சின், அதற்குக் கீழே பூப்போட்ட துணி, அதற்கும் கீழே கிழிந்த சாக்கு. அதற்குள் தேங்காய் நார், கரப்பான் முட்டை, ஒரு பேனா மூடி. நாரை உதறியதில் நாற்பது தும்மல் தும்மினேன். மிகையில்லை, வைஜெயந்தி எண்ணினாள்.

கழற்றிய ஆறு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். பார்க்கவே ஒழுங்காக இருக்கிறது.

பிப்ரவரி 14. வெள்ளி

கட்டைவிரலில் பின் அடித்துக்கொண்டேன். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 16. ஞாயிறு

சீட் எதுவும் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை.

காலையிலிருந்து மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒன்று உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, இன்னொன்று ஒரு பக்கம் இடைவெளி விட்டு ஆடுகிறது. மரம் ஊறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு சீட்டை இழைப்புளி போட்டு இழைத்தும் விட்டேன். மத்தியானம் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தபோதுதான் உளியால் வெட்டிய கோடுகள் கண்ணில் பட்டன. ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு கோடு, இப்படி ஆறு வரைக்கும். சீட்டின் அடிக்கட்டையிலும் அதே கோடுகள். கையால் செய்த நாற்காலி. எந்த இரண்டும் ஒரே அளவு கிடையாது. இது இதற்கு என்று அந்தத் தச்சன் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் பார்க்காமல் அடுக்கி, அதிலும் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இழைத்துத் தொலைத்துவிட்டேன்.

இருபத்தேழு வருடம் தரம் பார்த்தவன். வெளியே சொல்லிவிடாதே, நோட்டே.

பிப்ரவரி 19. புதன்

வாக்கரை ஊன்றி அவர் நடக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. டக், டக், நிற்கிறது, மறுபடி டக். வைஜெயந்தி இன்று அங்கே போய் வந்தாள். “மாமா ஒழுங்கா சாப்புடறதே இல்லயாம். கட்டில்ல சாஞ்சிகினு நாலு வாய் துன்னுட்டு தட்ட தள்ளிடறாராம். பாதி ஆளா போயிட்டாரு” என்றாள்.

பாகம் பிரித்த கதையை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் மறந்துவிடப் போகிறதா?

எங்கள் பக்கம் வழக்கம், பெரியவன் பங்கு வைக்கவேண்டும், சின்னவன் முதலில் எடுக்கவேண்டும். அண்ணன் நிலம், வீடு, போர்வெல் எல்லாவற்றையும் நியாயமாகத்தான் வைத்தார். சாமானில் மேசை நாற்காலியை முழுசாக ஒரு பங்கு, பீரோவும் கட்டிலும் இன்னொரு பங்கு என்று வைத்தார். எனக்குக் கட்டிலும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். மேசையையும் நாற்காலியையும் தனித்தனியாகப் பிரி என்று பிடிவாதம் பிடித்தேன். பிரித்ததும் கட்டிலும் நாற்காலியும் இருந்த பங்கை எடுத்துக்கொண்டேன். ஆறு என்பது ஒன்றைவிடப் பெரிய எண் அல்லவா? என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. மேசை இல்லாமல் பதினோரு வருடமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

பஞ்சாயத்துக்கு வந்திருந்த அரங்கநாதன், “ஏம்பா, நாற்காலி இல்லாம வெறும் மேசைய வச்சிகினு அவன் இன்னா பண்ணுவான்?” என்று கேட்டார். அதற்கு நான், ஊரார் பத்துப் பேர் முன்னால்: “சேத்துல ஒழல்றவனுக்கு நாற்காலி எதுக்கு? தரையில ஒக்காந்து துன்னட்டும்.”

நான் பாலிடெக்னிக் படிக்கவேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்று சேற்றில் இறங்கியவர் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

இப்போது அவரால் தரையில் உட்கார முடியாது. சொன்ன வாய் என்னுடையது. இதை நினைத்து ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு. அவர் அந்த நாற்காலியில் உட்காருவாரா? என் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தும் உட்காருவாரா?

பிப்ரவரி 22. சனி

ஸ்பாஞ்ச் ஒட்டி ரெக்சினை இழுத்து அடித்தேன். ஓரம் நேராக வருகிறது. மூலைதான் மானத்தை வாங்குகிறது. எப்படி மடித்தாலும் ரெக்சின் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. வெர்னியர் காலிப்பரை எடுத்து மடிப்பை அளந்தேன். அளந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கதோஷம்.

ஒரு சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு திலீப்பிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தான். கடையில் இருந்த ஆட்டோக்காரரிடம் காட்டினான். அவரும் பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சார், மூலையில இருக்கற அதிகத் துணிய வெட்டிட்டு மடிக்கணும்.”

“வெட்டலாமா?”

“வெட்டாம எப்டி சார்?”

பிப்ரவரி 26. புதன்

ஆறும் முடிந்தது. முடிந்தது என்றால், இனி என்னால் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒன்றாவதில் சுருக்கம். இரண்டாவது சாய்ந்து நிற்கிறது. மூன்றிலும் ஐந்திலும் இழைத்த இடத்தில் எலுமிச்சம்பழம் போட்டால் கீழே விழும். ஆறாவதில் ஸ்பாஞ்ச் இரண்டடுக்கு போய்விட்டது, உட்கார்ந்தால் மேசைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

நாலாவது மட்டும் தேவலை. வைஜெயந்தி சுற்றி வந்து பார்த்து, “இத குடுங்க. இதான் பாக்கற மாதிரி கீது” என்றாள். பழைய திருகாணி துருப்பிடித்திருந்தது. புதுசாக, கொஞ்சம் நீளமாகவே வாங்கி நாலையும் இறுக முடுக்கினேன். பலமாக இருக்கட்டும், அண்ணன் கனமான ஆள்.

பிப்ரவரி 27. வியாழன்

நாற்காலி போய்ச் சேர்ந்தது. வைஜெயந்தியும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்தேழு வயது.

மார்ச் 1. சனி

உட்கார்ந்தாராம். நேற்றும் இன்றும். மேசையில் தட்டு வைத்து இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

உட்கார்ந்தார். அது போதும். போதும் என்று எழுதுகிறேனே தவிர, போதவில்லை. ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன?

மார்ச் 2. ஞாயிறு

சொல்லிவிட்டார்.

காலை ஏழரை மணி. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: “டேய் அரி.”

பதினோரு வருடம் கழித்து என் பெயர். வாயில் நுரையோடு ஓடினேன். அவர் வீட்டு வாசற்படியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லுங்கியில் பின்பக்கம் ஒரு கிழிசல். அண்ணி கையில் பஞ்சும் டிஞ்சரும். மேசையருகே நாலாம் நம்பர் நாற்காலி. அதன் இடது ஓரத்தில் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு என் திருகாணியின் முனை பளபளவென்று எட்டிப் பார்க்கிறது. மூன்று நாள் அவர் உட்கார்ந்து எழுந்ததில் ஸ்பாஞ்ச் அமுங்கி, அடிக்கட்டையைத் தாண்டியிருந்த திருகாணி மேலே வந்துவிட்டது.

“பதினோரு வருசம் காத்திருந்து குத்திட்டியேடா” என்றார்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தணிந்த குரலில் சொன்னார். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நிஜமாகவே நம்பினார்.

“ண்ணா, சத்தியமா தெரியாம பண்ணிட்டேன். திருகாணி நீளமாயிடுச்சி.”

“நீ தரம் பாக்கறவன். ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சியே, ஒரு நூல் எச்சா இருந்தாகூட உடமாட்டேன்னு. ஒனக்கா தெரியாது?”

இத்தனை வருடம் அடித்த பெருமை எல்லாம் திரும்பி வந்து எதிர்சாட்சி சொல்கிறது. நான் கெட்டவன் இல்லை என்று காட்ட ஒரே வழி, நான் கையாலாகாதவன் என்று காட்டுவதுதான்.

“வந்து பாருண்ணா. வூட்ல இன்னும் அஞ்சு கீது. அதையும் பாத்துட்டு நீயே சொல்லு, நான் அயோக்கியனா இல்ல மடையனான்னு.”

அண்ணியைப் பார்த்தார். “செருப்ப எடு” என்றார்.

அவர் வாசலிலிருந்து என் வாசலுக்கு நாற்பது அடிதான் இருக்கும். கால் மணி நேரம் ஆனது. நான் பின்னாலேயே நடந்தேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. வைஜெயந்தி வாசலில் கிடந்த வாளி, செருப்பு எல்லாவற்றையும் காலால் தள்ளி வழிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஐந்து நாற்காலியையும் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தார். ஒன்றாவதில் சுருக்கத்தை விரலால் தடவினார். இரண்டாவதை ஆட்டினார். மூன்றாவதில் இடைவெளி வழியாக அவர் விரல் கீழே வந்தது. ஆறாவதன் உயரத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். கம்பெனியில் என் முன்னால் பெட்டியோடு நின்ற பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக ஐந்தாவதிடம் திரும்பி வந்ததும் அவர் தோள் குலுங்கியது. வலியோ என்று பயந்து பிடிக்கப் போனேன். சிரிக்கிறார். வாக்கர் கடகடவென்று ஆடுகிற அளவுக்குச் சிரிக்கிறார்.

“எப்பா, இதுக்காடா ஒன்ன பாலிடெக்னிக் அனுப்பனேன்?”

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. பேஸ்ட் நுரையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 3. திங்கள்

ஐந்து நாற்காலியையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். மேசை அங்கேதானே இருக்கிறது, இங்கே எதற்கு என்றார். நாலாவதில் திருகாணியைக் கழற்றிச் சின்னதாகப் போட்டேன். நானே உட்கார்ந்து, நகர்ந்து, குத்தவில்லை என்று காட்டிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

மத்தியானம் நாலு பேரும் அந்த மேசையில் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. எனக்கு ஆறாம் நம்பர். தட்டு தொடைக்கு அருகில் இருந்தது. குனிந்து குனிந்து சாப்பிட்டேன். சொல்லிவிட வேண்டும், இன்று விட்டால் வராது என்று தோன்றியது.

“ண்ணா, பாகத்தன்னிக்கு நான் பேசனது தப்பு.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“நீ அப்டி சொன்னதுக்கு அப்பறம் நான் தரையில ஒக்காந்து சாப்புடவே இல்ல” என்றார் கடைசியில். “ஒரு நாள்கூட. பிளாஸ்டிக் சேர போட்டுகினு இந்த மேசையிலதான். தட்டு நெஞ்சு ஒசரத்துல நிக்கும். எனக்கு தரையிலதாண்டா சோறு எறங்கும். இப்ப டாக்டரும் கூடாதுன்ட்டான்.”

நான் ஒரு நொடியில் சொன்னது. அவர் பதினோரு வருடம் அதை மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார்.

“மன்னிச்சிடுண்ணா” என்றேன். மறுபடியும் சொன்னேன்.

“சாப்புடு” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்படி உடனே சொல்லக்கூடிய விஷயமும் இல்லை அது.

மார்ச் 12. புதன்

மாசி மகம். திருக்காஞ்சி ஆற்றங்கரையில் அப்பாவுக்குத் திதி. இத்தனை வருடமும் அவர் விடியற்காலையில் வந்து கொடுத்துவிட்டுப் போவார், நான் வெயில் ஏறிய பிறகு போவேன். இன்று ஒரே ஆட்டோ. கீழே உட்கார முடியாதே என்று இரண்டாம் நம்பர் நாற்காலியையும் ஏற்றினோம். படித்துறையில் சட்டைபோடாத கூட்டத்துக்கு நடுவே அண்ணன் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். நல்லவேளை, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஆற்றுப் பக்கம் சாயவில்லை.

திரும்பும்போது, “இதுல ஒக்கார்ற எடம் சரியில்ல. நாளைக்கு வந்து பாரு” என்றார்.

மார்ச் 21. வெள்ளி

தினமும் வேலைதான். காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “டேய் அரி” என்று குரல் வரும். ஒன்றாவதில் சுருக்கம் தொடையில் உறுத்துகிறது என்பார். பிரித்து அடிப்பேன். மறுநாள் இன்னொரு மூலை உறுத்தும். வைஜெயந்திக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் திலீப்புக்கு போன் போட்டுவிட்டாள்.

இன்று பதினோரு மணிக்கு அவன் சாமானோடு வந்து இறங்கினான். அண்ணன் வீட்டில் ஆறு நாற்காலியையும் ஒருமுறை பார்த்தான். மரியாதைக்காக என் பக்கம் திரும்பவில்லை. “ரெண்டு மணி நேரம் போதும் பெரியவரே. ஆறும் ஷோரூம்ல இருக்கற மாதிரி ஆயிடும்” என்றான். ஆமாம், இவன் செய்தால் இன்றோடு முடிந்துவிடும். நல்லதுதானே? அதற்கு ஏன் நான் பின் அடிக்கிற கன்னை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

அண்ணன் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்திருந்தார். அது அசைந்தால் முனகும். அசைந்தார், முனகியது.

“வேணாம்பா. நீ காபி குடிச்சிட்டு கெளம்பு. எந்தம்பி செஞ்சிகினு கீறான்.”

“அவரு எப்பங்க முடிப்பாரு?” என்றான் திலீப்.

“இன்னா அவசரம்?” என்றார் அண்ணன்.

நாளைக்கு ஐந்தாவதைப் பார்க்கவேண்டுமாம். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.